ரத்தான அம்புக்குறிகள்

எஸ்தர் ராணி குடும்பநல நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் சமரசம் செய்துவைப்பவராக இருந்தவர். கோவை பீளமேட்டில் ஒரு கணினி விளையாட்டு நிறுவனம் அவரை நடுவர் வேலைக்கு அழைத்தபோது, தமக்கு விளையாடத் தெரியாது என்பதை நேர்முகத்திலேயே சொல்லிவிட்டார்.

"சண்டை போடறவங்களைத் தெரியும்ல மேடம்? அது போதும்" என்றார் நிர்வாக இயக்குநர்.

விளையாட்டின் பெயர் எட்டுத்திக்கு. ஒரு பலகையில் எட்டு நாடுகள், எட்டுப் பேர். ஒவ்வொருவருக்கும் நாளுக்கு ஒரு முறை. மாலை ஆறு மணிக்குள் படையை எங்கே அனுப்புவது என்று அம்புக்குறி போட்டு, 'உறுதி' என்பதை அழுத்திவிட வேண்டும். ஆறு மணிக்கு எட்டுப் பேருடைய ஆட்டமும் ஒரே நேரத்தில் நடந்தேறும். எந்தக் கோட்டை யாரிடம் போனது என்று எல்லாருடைய கைப்பேசியும் மணியடித்துச் சொல்லும். ஒரு பலகை முடிய இரண்டு, மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் ஆட்டக்காரர்களுக்குக் குழந்தை பிறக்கும், வேலை போகும், சர்க்கரை நோய் வரும்.

நிறுவனத்துக்கு வந்த புகார்களில் பெரும்பாலானவை போரைப் பற்றியவை அல்ல. ஆட வராதவர்களைப் பற்றியவை.

தொடக்கத்தில் விதி எளிமையாக இருந்தது. வராதவருக்கு அன்றைய முறை போயிற்று, அவ்வளவுதான். மகளுக்குக் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டு வந்து பார்த்தவருக்கு நாடு இல்லை. மின்வெட்டில் துறைமுகத்தை இழந்தவர் மின்வாரியத்துக்கும் நிறுவனத்துக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினார். பிறகு, வராதவருக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டும் என்று மாற்றினார்கள். கரூரில் ஒருவர், தோற்கப்போவது உறுதியானதும் வருவதை நிறுத்திக்கொண்டார். அவர் வராதவரை அவரை யாராலும் தோற்கடிக்க முடியவில்லை. மற்ற ஏழு பேரும் தீபாவளியிலிருந்து பொங்கல்வரை காத்திருந்தார்கள். அடுத்ததாக வாக்கெடுப்பு வந்தது. வராதவரை நீக்கலாமா, காத்திருக்கலாமா என்று மற்றவர்களே முடிவு செய்யலாம். அந்த மற்றவர்கள் எல்லாரும் எதிரிகள் என்பதால் முடிவு ஒருபோதும் மாறவில்லை.

அதற்குப் பிறகுதான் கார்வண்ணன் பதிலாளை உருவாக்கினான். கார்வண்ணன் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளன், முப்பது வயது, யார் பேசினாலும் அவர்கள் முடித்த பிறகு ஒரு நொடி பொறுத்துத்தான் பதில் சொல்வான்.

"ஒருத்தர் இதுவரைக்கும் எப்படி ஆடினார்னு பதிலாள் கத்துக்கும் மேடம். ஆறு மணிக்குள்ள அவர் வரலைன்னா, அவர் வந்திருந்தா என்ன ஆடியிருப்பாரோ அதை ஆடும். நல்லாவும் ஆடாது, மோசமாவும் ஆடாது. அவரை மாதிரியே ஆடும்" என்று எஸ்தரிடம் விளக்கினான்.

"பேசுமா?"

"பேசாது. பலகையில ஆட்டக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் செய்தி அனுப்பிக்கலாம். பதிலாள் அனுப்பக் கூடாதுன்னு சட்டப் பிரிவு சொல்லிட்டாங்க. ஆள் மாறாட்டம் ஆயிடுமாம்."

ஆடினால் ஆள் மாறாட்டம் ஆகாதா என்று எஸ்தர் கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது.

பதிலாள் வந்த பிறகு புகார்கள் மளமளவென்று குறைந்தன. தன் பதிலாள் தன்னைவிட நன்றாக ஆடுகிறது என்று இரண்டு பேர் மட்டும் எழுதியிருந்தார்கள். அவை புகார்களா என்று எஸ்தருக்குப் புரியவில்லை.

ஆடி மாதத்தில் ஒரு புதுவிதமான புகார் வந்தது. உடுமலைப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மருதாசலம் என்பவர் எழுதியிருந்தார். தம்முடைய பதிலாள் தம் பக்கத்து நாட்டின் தலைநகரைப் பிடித்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது புகார். ஜெயித்தவர் புகார் செய்வது அதுவே முதல் தடவை. எஸ்தர் அவரைத் தொலைபேசியில் அழைத்தார்.

"நீங்கதானே சார் ஜெயிச்சிருக்கீங்க?"

"அதுதானுங்க பிரச்சினை" என்றார் மருதாசலம்.

நடந்தது இதுதான்.

பலகையில் மருதாசலத்தின் பக்கத்து நாடு சுலைகாவுடையது. சுலைகா திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் வரலாறு கற்பிப்பவர். இருவரும் ஐந்து ஆண்டுகளாக, எந்தப் பலகையில் ஆடினாலும் கூட்டாளிகள். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. அவர் இவரை அண்ணே என்பார். இவர் அவரை அம்மிணி என்பார். மருதாசலத்துக்குச் சொந்தத்தில் தங்கை கிடையாது. இருந்த ஒரே அண்ணனோடு பாகப்பிரிவினைக்குப் பிறகு பேச்சு கிடையாது. நாளுக்கு ஒரு தடவையாவது அவரை நலம் விசாரித்துக்கொண்டிருந்தது சுலைகா மட்டும்தான்.

சுலைகாவின் கணவர் கமால் விதை நிறுவனத்தில் விற்பனையாளர். ஊர் ஊராகப் போகிறவர். தலைநகர் வீழ்ந்த அன்று மதியம் உடுமலைப் பேருந்து நிலையத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். யாரோ அவருடைய கைப்பேசியிலிருந்து சுலைகாவை அழைத்தார்கள். அந்த ஊரில் சுலைகாவுக்குத் தெரிந்தவர் ஒருவர்தான்.

"அண்ணே, எங்க வீட்டுக்காரரு உங்க ஊரு பஸ் ஸ்டாண்டுல..." என்றார் சுலைகா.

"நான் பாத்துக்கறனுங்க அம்மிணி. நீங்க கெளம்புங்க."

மருதாசலம் கண் பரிசோதனையில் உட்கார்ந்திருந்தவரைப் பாதியில் எழுப்பி அனுப்பிவிட்டுக் கடையைச் சாத்தினார். கமாலைத் தம் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு உள்ளூர் மருத்துவமனைக்குப் போனார்; அங்கே முதலுதவி செய்து கோவைக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்சில் கூடவே போனார். கோவையில் மருத்துவர், "நீங்க இவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

"மச்சானுங்க" என்றார் மருதாசலம், யோசிக்காமல்.

சுலைகா ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தார். இதயத்தில் அடைப்பு நீக்கும் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே இரும்பு நாற்காலியில், கமாலின் செருப்பையும் கைப்பையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, "அண்ணே?" என்றார். ஐந்து ஆண்டுகளில் அதுதான் முதல் சந்திப்பு. மருதாசலம் அரை மணி நேரம் கழித்து எழுந்து போய், கைப்பேசியும் கையுமாக வெளியே நின்று, கடைக்குப் பக்கத்தில் இருப்பவரிடம் வாசல் விளக்கை அணைக்கச் சொன்னார். இரண்டு டீ வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

ஆறு மணிக்கு இரண்டு கைப்பேசிகளும் ஒன்றாக மணியடித்தன.

சுலைகாவின் திரையில், 'உங்கள் தலைநகர் வீழ்ந்தது. வென்றவர்: மருதாசலம்' என்று இருந்தது. மருதாசலத்தின் திரையில், 'வாழ்த்துகள்!' என்று தொடங்கி, மேலே பட்டாசு வெடித்தது. பட்டாசுக்குச் சத்தமும் உண்டு. அவர் அதை அணைக்கத் தடுமாறியதில் டீ கொட்டிவிட்டது.

சுலைகா திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்து நாற்காலியைத் துடைத்தார்.

கமால் பிழைத்துக்கொண்டார். மருதாசலம் இரவு பேருந்தில் ஊருக்குத் திரும்பினார். அதன் பிறகு சுலைகாவிடமிருந்து செய்தி வரவில்லை. இவர் அழைத்தால் கமால்தான் எடுத்தார்; நன்றி சொல்லிச் சொல்லி அழுதார். சுலைகா சமையலில் இருப்பதாகச் சொல்வார். எல்லா நேரமும் சமையலாகவே இருந்தது.

"ஒரு மாசமாச்சுங்க. எனக்கு அந்தத் தலைநகரம் வேண்டாங்க மேடம். எடுத்துக்கிட்டு அந்தப் புள்ளையப் பேசச் சொல்லுங்க" என்றார் மருதாசலம் தொலைபேசியில்.

குடும்பநல நீதிமன்றத்தில் எஸ்தர் இதே வாக்கியத்தை வேறு வேறு பொருள்களோடு கேட்டிருக்கிறார். நகை, நாய்க்குட்டி, ஒருதடவை ஒரு கிரைண்டர். அவர் இருவரையும் பீளமேட்டுக்கு வரச் சொன்னார். கமாலை மறுபரிசோதனைக்குக் கோவைக்கு அழைத்துவரும் நாளில் வருவதாகச் சுலைகா ஒப்புக்கொண்டார்.

கூட்ட அறையில் நான்கு பேர். மருதாசலம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். சுலைகா அவருக்கு நேர் எதிரில் உட்காராமல் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார். கார்வண்ணன் மடிக்கணினியைத் திறந்துவைத்திருந்தான்.

"நீங்க புகார் குடுக்கலையே மேடம்" என்று எஸ்தர் சுலைகாவிடம் தொடங்கினார்.

"என்னன்னு குடுக்க? போர்ல பிடிச்சாரு. விதிப்படி சரிதான்."

"நான் பிடிக்கலைங்க அம்மிணி. அது பதிலாள்."

"அப்படித்தான் எல்லாரும் சொல்வாங்க அண்ணே. அஞ்சரைக்கு நீங்க போனை எடுத்துக்கிட்டு வெளிய போனீங்க. ஆறு மணிக்கு என் ஊரு போச்சு. நான் என்னன்னு நினைக்க?" சுலைகாவின் குரல் உயரவில்லை. "கோட்டை போனதுக்கு வருத்தமில்ல. உள்ள அவரு சாகக் கிடக்காரு. நான் வெளிய உட்காந்து அழுறேன். அந்நேரம் போய் ஒரு மனுசன் அம்புக்குறி போடுவாரான்னுதான் யோசிச்சேன். யோசிச்சு யோசிச்சு, போடுவாரு போலன்னு ஆயிருச்சு."

மருதாசலம் நிமிர்ந்து பார்த்தார். அந்த நினைப்பை அவர் எதிர்பார்க்கவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

எஸ்தர் கார்வண்ணனைப் பார்த்தார். அவன் ஒரு நொடி பொறுத்தான்.

"அன்னிக்கு ஆடினது பதிலாள்தான். சார் அன்னிக்கு பலகையைத் திறக்கவே இல்லை. மேடமும் திறக்கலை. உங்க படையைத் தலைநகரை விட்டு வெளிய அனுப்பினதும் உங்க பதிலாள்தான் மேடம்."

சுலைகா கண்களை மூடித் திறந்தார். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மருதாசலம் விடவில்லை.

"பாத்தீங்களா? ஏனுங்க தம்பி, என்னை மாதிரியே ஆடும்னு சொன்னீங்களாமா? நான் அப்பிடி ஆடுவனா? அஞ்சு வருசத்துல ஒருநாள் அவங்க எல்லையத் தாண்டியிருப்பனா? உங்க மெசின் கெட்டுப்போச்சுங்க."

"கெட்டுப்போகலைங்க சார்."

"பின்னே?"

கார்வண்ணன் இம்முறை ஒரு நொடிக்கும் அதிகமாகப் பொறுத்தான். "நீங்க உறுதி பண்ணின ஆட்டத்தை மட்டும் வச்சுப் பதிலாள் கத்துக்கறதில்லை. நீங்க போட்டுட்டு ரத்து பண்ணின அம்புக்குறியும் எங்ககிட்ட இருக்கு."

அவன் திரையைத் திருப்பினான். மருதாசலத்தின் நாட்டிலிருந்து சுலைகாவின் தலைநகருக்கு ஒரு சிவப்பு அம்புக்குறி தோன்றி மறைந்தது. மறுபடி ஒன்று. வேறொரு பலகையில் இன்னொன்று. ஐந்து ஆண்டுகளின் அம்புக்குறிகள் வந்துகொண்டே இருந்தன. தலைநகர் காலியாக இருந்த ஒவ்வொரு நாளும் மருதாசலம் படையைத் தேர்ந்தெடுத்திருந்தார், அம்புக்குறியை இழுத்திருந்தார், உறுதிப் பொத்தானை அழுத்தாமல் நிமிடக்கணக்கில் இருந்திருந்தார். பிறகு ரத்து செய்திருந்தார்.

மருதாசலத்தின் காதுகள் சிவந்துவிட்டன. அவர் எழுந்து வெளியே போய்விடுவார் என்று எஸ்தர் நினைத்தார்.

"நெனச்சிருக்கறனுங்க" என்றார் மருதாசலம் கடைசியில், மேசையைப் பார்த்துக்கொண்டு. "இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா ஒவ்வொருக்காவும் ரத்து பண்ணித்தானே போட்டேன்? அதையும் சேத்துத்தானே அது கத்துக்கணும்?"

"கத்துக்கத்தான் பாத்துச்சு சார். ரத்து பண்ணினதுக்குப் பலகையில ஒரு காரணமும் இல்லை. உங்களுக்கு லாபமான ஆட்டம், எதிர்ப்பும் இல்லை. அப்புறம் ஒண்ணே ஒண்ணு கிடைச்சுது. ரத்து பண்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் நீங்க மேடத்துக்கு ஒரு செய்தி போட்டிருக்கீங்க. சாப்பிட்டாச்சா, மழை பெய்யுதா, காலேஜ் லீவான்னு ஏதாவது. அவங்க பதில் போடுவாங்க. உடனே நீங்க அம்புக்குறியை எடுத்துடுவீங்க. பேச்சு இருந்தா ஆட்டம் இல்லை, பேச்சு இல்லைன்னா ஆட்டம் உண்டுன்னு பதிலாள் புரிஞ்சுக்கிட்டது. அன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு செய்திகூட இல்லை."

"பக்கத்துல உக்காந்திருந்தோமே தம்பி" என்றார் மருதாசலம்.

"அது அதுக்குத் தெரியாது சார்."

எஸ்தர் சுலைகாவைப் பார்த்தார். இப்படிப்பட்ட இடங்களில் ஒருவர் அழுவார், அல்லது கதவு படாரென்று சாத்தப்படும் என்பது அவர் அனுபவம். சுலைகா திரையில் இன்னமும் தோன்றி மறைந்துகொண்டிருந்த அம்புக்குறிகளைத் தேர்வுத்தாள் திருத்துபவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எனக்குத் தெரியும்" என்றார்.

"எது மேடம்?"

"அம்புக்குறிதான். திரையில பாத்ததில்ல. ஆனா தெரியும். நான் தலைநகரைத் திறந்து போட்டா அன்னைக்குத்தான் அண்ணன் காலேஜ் லீவான்னு கேப்பாரு. சரி, மனுசன் படையைக் கிளப்பிட்டாரு, இப்ப திருப்பப் போறாருன்னு சிரிச்சுக்குவேன். நம்ம பதிலுக்காகத்தான் காத்திருக்காருன்னு தெரியும். கிளாஸ்ல இருந்தாக்கூட மேசைக்கு அடியில வச்சுப் பதில் போட்ருவேன்."

"தெரிஞ்சே தொறந்து போட்டீங்களா?" என்று கேட்டார் மருதாசலம்.

"ஆமா."

"ஏனுங்க அம்மிணி?"

சுலைகா அவர் பக்கம் திரும்பினார். "பூட்டியே வச்சிருந்தா நீங்க யாருன்னு எனக்கு எப்படிண்ணே தெரியும்?"

கார்வண்ணன் எதையோ குறித்துக்கொள்ளப் போனான், பிறகு குறிக்கவில்லை.

ஆட்டத்தைப் பின்னோக்கி எடுக்க முடியாது என்று எஸ்தர் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. மற்ற ஆறு பேர் அதற்குப் பிறகு ஒரு மாதம் ஆடிவிட்டார்கள். அவர்கள் மேல் தவறில்லை. தலைநகரைப் பரிசாகக் கொடுக்க விளையாட்டில் வழியும் இல்லை. சுலைகாவுக்கு மிஞ்சியது கடலோரத்தில் உப்பளம் உள்ள ஒரு கிராமம். "இருக்கட்டும்" என்றார் அவர். ஆனால் ஒன்று கேட்டார்: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பக்கத்தில், ஆடியது ஆளா பதிலாளா என்று போட வேண்டும். "அன்னைக்கு அந்த ஒரு வார்த்தை இருந்திருந்தா எனக்கு ஒரு மாசம் தூக்கம் மிஞ்சியிருக்கும்."

நியாயமான கோரிக்கை. எஸ்தர் பரிந்துரைத்தார், நிறுவனம் ஏற்றுக்கொண்டது. புரட்டாசி முதல் ஒவ்வோர் ஆட்டத்தின் கீழும் 'கையால்' அல்லது 'பதிலாளால்' என்று சிறிய எழுத்தில் வரத் தொடங்கியது.

கீழே கமால் ஆட்டோவில் காத்திருந்தார். மருதாசலத்தைக் கண்டதும் இறங்கப் போனவரைச் சுலைகா அதட்டி உட்காரவைத்தார். மூன்று பேரும் சாய்பாபா காலனியில் ஓர் உணவகத்தில் சாப்பிட்டார்கள். கமாலுக்கு உப்பில்லாத இட்லி.

ஐப்பசிக்குள் எஸ்தர் ஒன்றைக் கவனித்தார். ஆட வராதவர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போயிற்று. முதலில் பண்டிகைக் காலம் என்று நினைத்தார். பண்டிகை முடிந்தும் குறையவில்லை. வராதவர்கள் விளையாட்டை விட்டுப் போகவும் இல்லை. ஆறு மணி ஆனதும் பலகையைத் திறந்து என்ன நடந்தது என்று பார்த்தார்கள். நீண்ட நாள் கூட்டாளியின் தலைநகர் காலியாக இருக்கும் நாளில்தான் அதிகம் பேர் வராமல் இருந்தார்கள். மறுநாள் கூட்டாளிக்கு ஒரே மாதிரியான செய்தி போயிற்று: 'நான் இல்லீங்க, பதிலாளால்னு போட்டிருக்கு பாருங்க.'

எஸ்தர் இதை எழுதிக்கொண்டு நிர்வாக இயக்குநரிடம் போனார்.

"புகார் எத்தனை வருது மேடம்?" என்று கேட்டார் அவர்.

"புகாரே வரலை சார்."

"ஒண்ணுகூட?"

"ஒண்ணுகூட. யாரும் எதையும் செய்யாததால யார் மேலயும் புகார் சொல்ல முடியலை."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஆறு வருசமா இதுக்குத்தான் மேடம் பாடுபட்டோம்" என்றார். எஸ்தருக்கு ஊதிய உயர்வும் கொடுத்தார்.

அந்தக் குளிர்காலத்தில் எஸ்தர் விளையாடக் கற்றுக்கொண்டார். விளையாடுவதற்காக அல்ல, பலகைகளைப் பார்ப்பதற்காக. பெரும்பாலான பலகைகளில் எட்டுப் பதிலாட்கள் ஒன்றையொன்று ஏமாற்றிக்கொண்டிருந்தன. செய்திப் பெட்டிகள் காலியாக இருந்தன. உடுமலை - திண்டுக்கல் பலகையில் மட்டும் நாளுக்கு இரண்டு ஆட்டங்களின் கீழே 'கையால்' என்று இருந்தது. மற்ற ஆறும் பதிலாளால்.

தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மருதாசலம் கடையில் ஓர் ஓய்வுபெற்ற தாசில்தாருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார். கைப்பேசி மணியடித்தது. எடுத்துப் பார்த்தார். உப்பளக் கிராமத்திலிருந்து கிளம்பிய படை, அவருடைய இரண்டு கோட்டைகளைச் சுற்றிக்கொண்டு மலைப்பாதை வழியாக வந்து, அவருடைய தலைநகரைப் பிடித்திருந்தது. அன்று காலையிலிருந்து பலமுறை செய்தி பரிமாறியிருந்தார்கள். கமால் மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டதாகச் சுலைகா எழுதியிருந்தார். படையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கீழே இருந்த சிறிய எழுத்தைப் படித்தார்.

கையால்.

"ஏனுங்க, நல்ல சேதிங்களா? முகமே மாறிப்போச்சு?" என்றார் தாசில்தார்.

"தலைநகரம் போயிருச்சுங்க" என்றார் மருதாசலம், சிரிப்பை அடக்க முடியாமல். "எந்தங்கச்சி பிடிச்சுப் போட்டா. அவளே பிடிச்சுப் போட்டா."

மருதாசலம் இன்னொரு வில்லையை எடுத்துச் சட்டத்தில் பொருத்தி, கடைசி வரியைப் படிக்கச் சொன்னார்.